சிறைக்கோட்டமும் அறக்கோட்டமும்

மணிமேகலையைப் பாடஞ் சொல்லும் ஆசிரியர் எவரும் அதன் பத்தொன்பதாவது காதையிற் சற்று நின்று மகிழாமற் செல்வதில்லை. காயசண்டிகையின் வடிவு கொண்ட மணிமேகலை, அமுதசுரபியைக் கையிலேந்திப் புகார் நகரத்துச் சிறைக்கூடத்துட் புகுந்து, பசியால் வாடிய கைதிகளுக்குச் சோறு வழங்குகின்றாள். செய்தி அரசன் செவிக்கு எட்டுகின்றது. அவளுக்கு வேண்டுவது யாதென அவன் வினவுகின்றான். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க வேண்டும் என்கின்றாள் அவள். அவ்வாறே ஆகின்றது. தமிழர் பெருமை பேசும் மேடைகளில் இக்காதை பலகாலும் எடுத்தாளப்படும். எடுத்தாளத் தக்கதே.

ஆனால், அதே காப்பியத்தின் இருபத்திரண்டாம் இருபத்துமூன்றாம் காதைகளை மேடையேற்றுவார் அரியர். அறக்கோட்டம் ஆக்கியவளே அங்கே சிறை புகுகின்றாள். உதயகுமரன் கொலையுண்டபின் அரசன் ஆணையாற் காவலில் வைக்கப்பட்டவளை, மகனை இழந்த இராசமாதேவி, விடுவிப்பாள்போல வெளியே கொணர்ந்து தன் காவலுட் கொள்கின்றாள். முதலிற் பித்தேற்றும் மருந்து ஊட்டுகின்றாள். அது பலியாதுபோகவே, கல்லா இளைஞன் ஒருவனுக்குப் பொருள் கொடுத்து, அவளுடைய மானத்தைக் குலைத்து வருமாறு ஏவுகின்றாள். அதுவும் பலியாதுபோக, நோயுற்றாள், உணவு கொள்ளாள் எனப் பொய் சொல்லிப் புழுக்கறையில் இட்டுப் பூட்டுகின்றாள். இம்மூன்று கொடுமையும் காவலுக்குள்ளேயே நிகழ்கின்றன என்பது நோக்கற்பாலது.

இப்பகுதியை நல்லதண்ணியில் மாலை வகுப்பொன்றிற் கற்பித்துக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, அந்த இளைஞனுக்கு என்ன தண்டனை கிடைத்தது?” என்று கேட்டான். நல்ல வினா. மணிமேகலை ஆணுருக் கொண்டு நிற்பதைக் கண்டு அவன் அஞ்சி ஊரைவிட்டே ஓடிவிடுகின்றான். அத்துடன் காப்பியம் அவனை விட்டுவிடுகின்றது. சாத்தனார் அவனுக்கு ஒரு பெயர்தானும் சூட்டவில்லை. அவர் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பது இராசமாதேவியை. காவல் எவருடையதோ அவரிடமே கவிஞர் கணக்குக் கேட்கின்றார் என்று மாணவனுக்கு விடை கூறினேன். வகுப்பு முடிந்தது, வினா முடியவில்லை. சிறைக்குள் ஒரு கைதியை மற்றொரு கைதி வதைத்தால் அது எவருடைய குற்றம் என்பது, நம் நாட்டில் ஏட்டுப் பிரச்சினையன்று. அதற்கு 53 உயிர்களின் கணக்கு உண்டு.

வெலிக்கடைச் சிறைச்சாலை 1841 ஆம் ஆண்டில் எழுந்தது. கொழும்பிற் பொரளைப் பகுதியில், கனத்தை மயானத்துக்கு அண்மையில் உள்ளது. 1983 யூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் இராணுவத்தினர் 13 பேர் கொல்லப்பட்டனர். மறுநாள் மாலை அவர்களுடைய இறுதிக் கிரியைக்கெனக் கனத்தையிற் கூடிய கூட்டத்திலிருந்து கிளம்பிய தீ கொழும்பு நகரெங்கும் பரவிற்று. கடைகள் எரிந்தன, வீடுகள் எரிந்தன, வீதியில் மனிதர் எரிந்தனர். இவை பலரும் அறிந்தவை. யூலை 25 பிற்பகல், அத்தீ சிறையின் மதிலையும் தாண்டிற்று.

சிறையினுள்ளே ‘சப்பல்’ எனப்படும் சிலுவை வடிவக் கட்டடம் ஒன்று உண்டு. அதன் பிரிவுகளிற் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்ப் பிடிக்கப்பட்ட தமிழர் அடைக்கப்பட்டிருந்தனர். அவருட் சிலர் நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டோர். பலர் வழக்கு முடிவுறாதோர். வழக்கே தொடுக்கப்படாமல் தடுத்துவைக்கப்பட்டோரும் இருந்தனர். அன்று பிற்பகல் நூற்றுக்கணக்கான சிங்களக் கைதிகள் பொல்லும் கம்பியும் கத்தியும் கொண்டு அப்பிரிவுகளுட் புகுந்தனர். 35 பேர் கொல்லப்பட்டனர். தங்கத்துரை எனப்பட்ட நடராசா தங்கவேலுவும், குட்டிமணி எனப்பட்ட செல்வராசா யோகச்சந்திரனும் அவருள் அடங்குவர். அவர்கள் மேற்கொண்ட அரசியல் வழியை ஈண்டு நான் ஆராய வரவில்லை. அதனைப் போற்றுவாரும் உளர், வெறுப்பாரும் உளர். கொலைக் குற்றத்துக்கு மரணதண்டனை விதிக்கப்பட்ட ஒருவனைக்கூட, தூக்குமேடை ஏறும் கணம்வரை உயிரோடு காத்தல் அவனைப் பூட்டிவைத்தவரின் கடன். அந்தக் கடனைப் பற்றியே எழுதுகின்றேன்.

மறுநாள், 26 ஆம் திகதி, நீதவான் மரண விசாரணை நடத்தினார். இவை கொலைகளே என முடிவு கூறப்பட்டது. பொலிசார் மேலும் விசாரிக்குமாறு பணிக்கப்பட்டனர். சிறைக்கு அரணாக ஆயுதம் தாங்கிய இராணுவத்தினர் அங்கே நிறுத்தப்பட்டிருந்தமையும் அவ்விசாரணையில் வெளிப்பட்டது. வெறிகொண்ட கூட்டம் திடீரெனப் பொங்கியது, காவலர் தொகையிற் சிறியர், தடுக்க இயலவில்லை என்று காரணம் கூறப்பட்டது. முதல் நாளுக்கு அந்த நியாயத்தை ஒருவர் வாதத்துக்காக ஏற்றுக்கொள்வார் என்றே வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் நாளுக்கு என்ன நியாயம்? முதல் நாளில் தப்பியவர்களை அதே மதிலுக்குள் இளங்குற்றவாளிகளுக்கான கட்டடத்துக்கு மாற்றினார்கள். கொன்றவர்களும் தப்பியவர்களும் ஒரே சிறைக்குள் இரண்டு இரவுகளைக் கழித்தனர். யூலை 27 பிற்பகல் கூட்டம் மறுபடியும் வந்தது. மேலும் 18 பேர் கொல்லப்பட்டனர். இம்முறை இராணுவக் கொமாண்டோப் பிரிவொன்று வந்து கண்ணீர்ப்புகை வீசிக் கூட்டத்தைக் கலைத்தது. எஞ்சியோர் 19 பேர் உயிர் தப்பினர். தடுக்க இயலும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை. 25 ஆம் திகதி நிகழ்ந்ததை அறியாமை என்றோ இயலாமை என்றோ பெயரிடலாம். 27 ஆம் திகதிக்கு அப்பெயர்கள் பொருந்தா. அகராதியில் வேறு சொல் தேடவேண்டும்.

இரண்டாம் நாள் மாண்டவருள் ஒருவரைப் பற்றி மலைநாட்டவனாகிய நான் சற்று விரித்துச் சொல்லவேண்டும். அவர் வைத்தியர் இராஜசுந்தரம். கட்டடக் கலைஞர் டேவிட் அவர்களுடன் இணைந்து காந்தீயம் என்னும் தொண்டு நிறுவனத்தை 1976 ஆம் ஆண்டில் வவுனியாவில் தொடக்கியவர். 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தில் லயங்களிலிருந்து விரட்டப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் கையில் ஒரு பாயும் சட்டியுமாக வடக்கே சென்றபோது, அவர்களைக் காட்டோரக் காணிகளிற் குடியேற்றி, கிணறு வெட்டி, பாலர் பள்ளி வைத்து, மருந்து கொடுத்தவர்கள் இவர்கள். எங்கள் லயத்திலிருந்தும் மூன்று குடும்பங்கள் சென்றன. ‘டாக்டர் ஐயா’ என்ற பெயர் அவர்கள் அனுப்பிய கடிதங்கள் வழியாகவே எனக்கு முதன்முதல் அறிமுகமாயிற்று. அப்பொழுது நான் சிறுவன். 1983 ஏப்பிரலில் டேவிட் அவர்களும் இராஜசுந்தரமும் கைது செய்யப்பட்டனர். யூலை 27 இல் அவர்கள் இருந்த கட்டடத்தின் கதவை உடைத்துக்கொண்டு கூட்டம் வந்தபோது, இராஜசுந்தரம் முன்வந்து பேசி அமைதிப்படுத்த முனைந்தார் என்றும், அவரை வெளியே இழுத்து அடித்துக் கொன்றனர் என்றும் உடனிருந்து தப்பியோர் கூறியுள்ளனர். ஒரு மருத்துவர் நோயாளியிடம் பேசுவதுபோல அவர் பேசியிருக்கக்கூடும் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு. அது வெறும் எண்ணமே.

தப்பியவர்கள் மட்டக்களப்புச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். செப்டெம்பர் 23 இல் அச்சிறை உடைக்கப்பட்டுப் பலர் வெளியேறினர். சிறைக்குள் இருப்பதினும் காட்டில் வேட்டையாடப்படுவது பாதுகாப்பானது என்று அவர்களுக்குத் தோன்றியிருந்தால் அதில் வியப்பென்ன! வெலிக்கடைக் கொலைகளுக்காக ஒருவர்மீதேனும் வழக்குத் தொடுக்கப்படவில்லை. 1997 டிசெம்பர் 12 அன்று களுத்துறைச் சிறையில் தமிழ்க் கைதிகள் மூவர் மற்றைக் கைதிகளால் வெட்டிக் கொல்லப்பட்டபோது, வெலிக்கடைக்குப் பின் 14 ஆண்டுகள் கழிந்திருந்தன. 2000 ஒக்டோபர் 25 இல், நம் மலைநாட்டிலேயே, பண்டாரவளைக்கு அண்மையிலுள்ள பிந்துனுவெவப் புனர்வாழ்வு நிலையத்தில் 27 தமிழ் இளைஞர் கொல்லப்பட்டனர். அங்கே கொன்றவர்கள் வெளியிலிருந்து புகுந்த கூட்டத்தார். காவலுக்கு நின்ற பொலிசார் பார்த்துக்கொண்டிருந்தனர். 2003 ஆம் ஆண்டில் ஐவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2005 ஆம் ஆண்டுக்குள் மேன்முறையீட்டில் அனைவரும் விடுவிக்கப்பட்டனர்.

இனப்பகை ஒன்றே இவற்றுக்கெல்லாம் காரணம் என்று கூறிவிட்டு எழுந்துவிடலாம். அது பெரிய காரணமே. ஆயினும், இனம் ஒன்றாயிருக்கும் சிறைகளிலும் வலியவன் எளியவனை வதைக்கின்றான். இதன் வேரைக் காணத் தோட்டத்து மக்களாகிய நாம் வெகுதொலைவு செல்லவேண்டியதில்லை.

நம் பாட்டன் பூட்டனார் இந்நாட்டுச் சிறைகளை நன்கு அறிந்திருந்தனர். 1865 ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தின்படி, தவணை சொல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியேறுதல் குற்றம். அதற்குச் சிறைத்தண்டனை உண்டு. ஒருவன் கூலி போதாதென்று இரவோடிரவாக மலையிறங்கினால், விடியும்போது அவன் கள்வரோடும் கொலைகாரரோடும் ஒரே கூரையின்கீழ் இருக்க நேரும். கடன் கணக்கை எழுதி ஆளைக் கைமாற்றும் துண்டு முறை 1921 ஆம் ஆண்டிலேதான் ஒழிந்தது. இவ்வளவையும் மலையிலே நடத்திவைத்தவர் எவர்? துரை எல்லா மலைக்கும் வந்து நிற்கவில்லை. அவருக்குக் கங்காணி இருந்தார். கூலியாட்களிலிருந்தே ஒருவரைப் பொறுக்கி, அவர் கையிற் பிரம்பையும் கணக்கையும் கொடுத்து, அவரைக் கொண்டே மற்றவரை ஆளுதல் ஆங்கிலேயர் கண்ட மலிவான ஆட்சிமுறை. தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் காசும் உண்டு. நல்ல கங்காணிகளும் இருந்தனர். என் தாய்வழிப் பாட்டனாரே ஒரு சில்லறைக் கங்காணி, ஆதலால் நடுநிலையோடு சொல்ல முயல்கின்றேன். முறையோ தீயது.

அதே ஆட்சி சிறைகளிலும் அதே உபாயத்தைக் கையாண்டது. ஆங்கில இந்தியாவின் சிறைகளில் நீண்டகாலக் கைதிகளிற் சிலர் ‘கைதி வார்டர்’ ஆக்கப்பட்டனர். சம்பளம் மிச்சம், உளவு கிடைக்கும், கைதிகள் ஒன்றுசேரமாட்டார்கள். பழி நேர்ந்தால் அது மேலே ஏறாது, அவ்விடத்திலேயே நின்றுவிடும். அந்த வழக்கம் பெயர் மாறி இன்றும் வாழ்கின்றது. இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு நாட்டின் சிறைகளை ஆராய்ந்து 2020 ஆம் ஆண்டில் விரிவானதோர் அறிக்கை வெளியிட்டது. கைதிகளிற் சிலருக்கு ஏனையோரை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் நடைமுறையில் விடப்பட்டிருப்பதை அது எடுத்துக்காட்டுகின்றது. அதே 2020 ஆம் ஆண்டில் நம் சிறைகளில் அடைபட்டிருந்தோர் தொகை, கொள்ளத்தக்க தொகையின் இருமடங்கையும் கடந்திருந்தது. பத்துப் பேர் படுக்கும் இடத்தில் இருபத்தைந்து பேரைத் தள்ளிப் பூட்டினால், எவன் எங்கே படுப்பது என்பதைத் தீர்மானிக்க ஒருவன் வேண்டுமல்லவா? அவன் தானாகவே தோன்றிவிடுவான். அவனுக்கு அதிகாரிகளின் கண்சாடையும் கிடைத்துவிட்டால் அவனே அரசன்.

கிரெஷாம் சைக்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர், நியூ ஜேர்சி மாநிலத்துச் சிறையொன்றை ஆராய்ந்து 1958 ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்டார். சிறைவாசி இழப்பவற்றை அவர் ஐந்தாக எண்ணுகின்றார். விடுதலை, உடைமை, இல்லறத் துணை, தன்னிச்சை என்னும் நான்கோடு அஞ்சாது வாழும் நிலையையும் ஐந்தாவதாகச் சேர்க்கின்றார். அதனினும் முக்கியமானதொன்று அந்நூலில் உண்டு. காவலரின் முழு அதிகாரம் என்பது ஏட்டில் உள்ளதே. நாள்தோறும் அமைதி நிலவக் காவலர் வலிய கைதிகளோடு ஒருவகை உடன்பாட்டுக்கு வருகின்றனர். சில விதிமீறல்களைக் காணாதவர்போல இருக்கின்றனர் என்கின்றார் அவர். அந்த அமைதிக்கு விலை கொடுப்பவன் எளிய கைதி. உறங்க இடமில்லாதவன், பார்க்க உறவில்லாதவன், இளையவன், மனநலங் குன்றியவன், மொழி தெரியாதவன்.

மொழி தெரியாதவன் என்றதும் என்னிடம் முன்பு படித்த மாணவர் ஒருவர் நினைவுக்கு வருகின்றார். அயல் தோட்டத்தவர். தண்டப்பணம் கட்ட வழியின்றி ஒரு மாதம் சிறையிலிருந்து மீண்டவர். இது பலருக்கும் நேர்வது. நம் நாட்டிற் சிறை செல்வோரிற் பெரும்பகுதியினர் தண்டப்பணம் செலுத்த இயலாத ஏழைகளே. எந்தச் சிறை என்பதையும் அவர் பெயரையும் நான் எழுதவில்லை. முதல் இரவே மலகூட வாசலுக்கு எதிரே படுக்குமாறு விதிக்கப்பட்டாராம். மேல்சட்டை போயிற்று. மறுவாரம் தாயார் மூன்று பஸ் மாறிச் சென்று கொடுத்த பொதியும் போயிற்று.

“அம்மா கொண்டாந்த சவுக்காரத்த எனக்கே வித்தானுங்க சேர்,” என்றார்.

“மேலதிகாரியிடம் முறையிட்டிருக்கலாமே, தம்பி?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “நான் தமிழ்ல சொல்லணும். அவருக்குத் தமிழ் வெளங்காது. நான் சொல்றத எடுத்துச் சொல்றதுக்கு அங்க ரெண்டு பாஷையும் தெரிஞ்சவன் ஒருத்தன்தான் இருந்தான் சேர். சவுக்காரத்த எடுத்தவன் அவன்தான்.”

மொழிபெயர்ப்புப் பற்றி நான் நெடுங்காலம் கற்பித்திருக்கின்றேன். இவ்வாறான ஒரு மொழிபெயர்ப்பாளனை எந்த நூலிலும் கண்டதில்லை. தமிழும் அரசகரும மொழியே என்று அரசியலமைப்புச் சொல்கின்றது. அச்சொல் சிறைவாசலுக்கு வரும்போது தளர்ந்துவிடுகின்றது. அந்த மாணவர் தம்மை வருத்தியவன்மேற் பெருங் கோபம் கொண்டவராகத் தோன்றவில்லை. அவனும் முதல் வாரம் மலகூட வாசலிற் படுத்தவன்தானாம்.

கடல் கடந்தால் மொழி ஒன்றாகவே இருக்கும். சாதி வந்து குறுக்கே நிற்கும். தமிழகத்துப் பாளையங்கோட்டை மத்திய சிறையிற் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து வைக்கும் வழக்கம் இருந்துவந்தது. மோதலைத் தவிர்ப்பதற்கென்றே அவ்வாறு செய்ததாகக் காரணம் காட்டப்பட்டது. ஊரிலுள்ள தெருப்பிரிவினையைச் சிறைக்குள்ளும் கட்டிவைத்தால் மோதல் தவிருமா? 2021 ஏப்பிரலில், அச்சிறைக்குள் அன்றுதான் கொண்டுவரப்பட்ட விசாரணைக் கைதியாகிய இளைஞர் ஒருவர், மற்றைக் கைதிகளாற் சில மணிநேரத்துக்குள் அடித்துக் கொல்லப்பட்டார். சிறை அலுவலர் சிலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். நீதி வேண்டி அவருடைய குடும்பத்தார் உடலைப் பெற்றுக்கொள்ள மறுத்துப் பல வாரங்கள் காத்திருந்தனர். 2024 ஒக்டோபர் 3 ஆம் திகதி இந்திய உச்சநீதிமன்றம், சிறைகளிற் சாதி பார்த்து வேலை பகிர்தலையும் சாதி பார்த்துப் பிரித்தலையும் அரசியலமைப்புக்கு மாறானவை எனத் தீர்த்தது. பாளையங்கோட்டை வழக்கமும் அத்தீர்ப்பில் எடுத்துப் பேசப்பட்டது. பிரித்துவைத்தலே காவல் என்பது பாமர எண்ணம். எவரை எவரிடமிருந்து, என்ன அளவுகோல்கொண்டு பிரிக்கின்றோம் என்பதே வினா.

அந்த அளவுகோலை உலகம் முன்னரே வகுத்துவைத்திருக்கின்றது. சிறைவாசிகளை நடத்துவதற்கான ஐக்கிய நாடுகளின் விதிகள் 1955 இல் ஜெனீவாவில் உருவாகி, திருத்தம் பெற்று, 2015 டிசெம்பர் 17 இல் நெல்சன் மண்டேலாவின் பெயரோடு ஏற்கப்பட்டன. விசாரணைக் கைதியைத் தண்டனைக் கைதியிடமிருந்தும், இளையோரை முதியோரிடமிருந்தும் பிரித்துவைக்க வேண்டும் என்கின்றது 11 ஆம் விதி. எந்தக் கைதியையும் ஒழுங்கு நடவடிக்கைக்குரிய பதவியில் அமர்த்தலாகாது என்கின்றது 40 ஆம் விதி. கங்காணியைச் சிறையிலிருந்து வெளியேற்றும் விதி அது. எல்லாவற்றுக்கும் முன்னதாக, கைதியின் பாதுகாப்பு எக்காலத்தும் உறுதிசெய்யப்பட வேண்டும் என முதல் விதியே விதித்துவிடுகின்றது. எவரிடமிருந்து பாதுகாப்பு என்று அது வரையறுக்கவில்லை. காவலரிடமிருந்தும் காக்கவேண்டும், சககைதியிடமிருந்தும் காக்கவேண்டும். நம் பழைய மரபு இதனை அறியாததன்று. குடவாயிற் கோட்டத்துச் சிறையில் நீர் வேட்டுக் காலந்தாழ்த்திப் பெற்ற சேரமான் கணைக்கால் இரும்பொறை அதனைப் பருகாமலே மாண்டான் என்று புறநானூற்றுக் குறிப்புக் கூறும். மானத்தைப் பாராட்டும் பாட்டாகவே அதனைப் படிப்பிக்கின்றோம். சிறைவாசிக்குத் தண்ணீர் தர யார் கடமைப்பட்டிருந்தார் என்று வினவும் ஒரு வினாத்தாளை நான் இதுவரை கண்டதில்லை. வரும் தவணையில் நானே கேட்க எண்ணியிருக்கின்றேன்.

கைதியைக் கைதி வதைப்பதையே பேசிவந்தேன். கைதியைக் கைதி காத்த கதையும் உண்டு. தில்லி திகார்ச் சிறையில் மரணதண்டனை பெற்றிருந்த சுனில் பத்ரா என்பவர், அதே சிறையில் வேறொரு கைதி பணத்துக்காகக் காவலர் ஒருவராற் கொடுமையாக வதைக்கப்பட்டதை அறிந்தார். தமக்கே தூக்குக் காத்திருந்த நிலையிலும் உச்சநீதிமன்ற நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதத்தையே மனுவாக ஏற்றுக்கொண்டது நீதிமன்றம். நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் 1979 ஆம் ஆண்டின் இறுதியில் வழங்கிய அத்தீர்ப்பு, சிறைவாயிலில் மனித உரிமை நின்றுவிடுவதில்லை என்பதை நாட்டுச் சட்டமாக்கிற்று. வக்கீல் வைக்கவில்லை, முத்திரைக் கட்டணம் இல்லை. ஒரு கைதி மற்றொரு கைதிக்காக எழுதிய ஒரு தாள். வகுப்பில் அந்த மாணவன் கேட்ட வினாவை நினைக்கும்போதெல்லாம் சுனில் பத்ராவும் என் நினைவுக்கு வருவார். ஏவப்பட்டு வருகின்றவனும் கைதிகளிடையே உண்டு. ஏவுவார் இன்றியே அயலானுக்காக எழுதுகின்றவனும் உண்டு. இவருள் எவன் தலையெடுப்பான் என்பதிற் சிறையை நடத்துவோர்க்குப் பெரும் பங்குண்டு.

இனி, வவுனியாவுக்குச் சென்ற அந்த மூன்று குடும்பங்கள். நெடுங்கேணிப் பக்கத்திலே கென்ற் பண்ணை, டொலர் பண்ணை என்று இரு பண்ணைகள் இருந்தன. காந்தீயத்தார் மலைநாட்டு மக்களைக் குடியேற்றிய இடங்களுள் அவையும் அடங்கும். நடத்தியவர்களிற் டேவிட் அவர்கள் சிறையுடைப்பிலே தப்பிச் சென்றுவிட்டார். வைத்தியர் வெலிக்கடையிலே மாண்டுவிட்டார். 1984 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அப்பண்ணைகளிலிருந்த தமிழ்க் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. எங்கள் லயத்து மூன்று குடும்பங்களில் இரண்டு மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கே திரும்பி வந்தன. மூன்றாவது இந்தியாவுக்குப் போய்விட்டதாகச் சொல்லிக்கொண்டார்கள்.

வெறுமையான பண்ணைகளில் அரசாங்கம் திறந்தவெளிச் சிறை அமைத்துச் சிங்களக் கைதிகளை மனைவி மக்களோடு குடியேற்றிற்று. அவர்களும் காவலில் இருந்தவர்களே. எல்லைப்புறக் காட்டிலே, ஆயுதப் போர் மூண்டிருந்த வேளையிலே, அவ்விடத்தைத் தாமாக எவரும் தெரிந்துகொண்டிருக்கமாட்டார்கள். 1984 நவம்பர் 30 இரவு விடுதலைப் புலிகள் இரு பண்ணைகளையும் தாக்கினர். பெண்களும் குழந்தைகளும் உட்பட 62 பேர் கொல்லப்பட்டனர்.

திரும்பி வந்தவர்களுள் ஒரு மூதாட்டியார் எங்கள் வீட்டுக்கு அடுத்த காம்பராவில் இருந்தார். அச்செய்தியை வானொலியிற் கேட்ட அன்று அவர் அடுப்பு மூட்டவில்லை. தம் கணவர் வெட்டிய கிணற்றையும், வாசலில் நட்ட முருங்கையையும் சொல்லி, அந்தக் குடிசையில் வந்திருந்தவர்கள் எத்தனை பேர், பிள்ளைகள் இருந்தார்களா என்று வந்தவர் போனவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.